என் அங்கியைத் துவைக்காதே

பஸ்ரா,
ஜூலை 12, 1975

காஸியின் தாய்க்கு,

கருணையாளன் உன்னையும் நம் பெண்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். தீவில் இருக்கிற ஆறு வீட்டாருக்கும், இதைப் படித்துச் சொல்லப்போகும் ஆசிரியர் நூரிக்கும் என் ஸலாம். உறையின் மேல் என் பெரியப்பா மகன் சுவைலிஹின் பெயர் இருக்கிறதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. மனைவியின் பெயரை எழுதி, படகுக்காரன் முதல் மீன்காரன் வரை வாசிக்க விட எனக்கென்ன பைத்தியமா? உறை அவனுக்கு, கடிதம் உனக்கு.

இங்கே என்னை ஒரு இரும்புக் கட்டிலில் ஏற்றிப் படுக்க வைத்திருக்கிறார்கள். இத்தனை உயரத்தில் நான் தூங்கியதே இல்லை. முதல் இரவு இரண்டு தடவை உருண்டு விழுந்தேன். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே எலுமிச்சம்பழம் அளவில் ஒரு நீர்க்கட்டி இருக்கிறதாம். நாயோடு புழங்குகிறவர்களுக்கு வருகிற வியாதியாம். அதற்காக நம் நாயை அடித்து விரட்டிவிடாதே, அது என்ன செய்யும் பாவம். ஊசி போடுகிறார்கள், கஞ்சி கொடுக்கிறார்கள். கஞ்சியில் உப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கொஞ்ச நாளில் திரும்பிவிடுவேன், கவலைப்படாதே.

பக்கத்துக் கட்டிலில் ஸப்ரி என்று ஒரு ஆள். நாஸிரிய்யாக்காரர், ரயிலில் கார்டு வேலை, கால் முறிந்து கிடக்கிறார். வாய் மட்டும் முறியவில்லை. "எருமை மேய்க்கிறவன் பக்கத்துல என்னைப் போட்டுட்டாங்களே, நாளைக்கு என் கட்டில்லயும் பால் கறப்பான்" என்று முதல் நாளே ஆரம்பித்தார். இப்போது நான் இருமினால் அவர்தான் நர்ஸைக் கூப்பிடுகிறார்.

இனி காரியத்துக்கு வருகிறேன். வாரம் ஒருமுறை மீன் ஏற்றி வரும் ஹமூத் எல்லாம் சொன்னான். நம் சதுப்புத் தீவைச் சுற்றித் தண்ணீர் இரண்டு சாண் இறங்கிவிட்டதாம். மேலே எங்கேயோ ஆற்றைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று பேச்சாம். தண்ணீர் இறங்கினால் உப்பு ஏறும். உப்பு ஏறினால் முதலில் பால் வற்றும், அப்புறம் கன்று சாகும், அப்புறம் தாய் எருமைக்குக் கண் மங்கும். ஆறு வீட்டுக்கும் சேர்த்து அறுபது உருப்படிக்கு மேல் இருக்கிறது. அதை விட்டால் நமக்கு வேறு பிழைப்பு இல்லை, செங்கல் சூளைக்குத்தான் போக வேண்டும்.

ஆகையால் நான் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஆறு வீடும் சேர்ந்து கிளம்புங்கள். அபூ ஸமக் ஏரிக்குப் போங்கள். ஒரு பகல் பயணம். இரட்டைத் தீவைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் திரும்ப வேண்டும், வலது பக்கம் போனால் சம்புக் காட்டில் மாட்டிக்கொள்வீர்கள். சுவைலிஹ் முன்னால் போகட்டும். கன்றுகளைப் படகில் ஏற்றுங்கள், நீந்த விடாதீர்கள். அந்த ஏரி எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. ஓடக்கோலை விட்டால் அடி தட்டாது. ஆறு வருஷத்துக்கு முந்தைய வறட்சியில் நான் போன வழி இது. அப்படியே போங்கள்.

நம் எருமைகள் என்னைத் தவிர யாரையும் கிட்டே சேர்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வாசல் பக்கத்தில் மாட்டியிருக்கும் என் பழுப்பு அங்கியைப் போட்டுக்கொள். என் தலைத்துணியையும் கட்டிக்கொள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மந்தைக்கு முன்னால் நடக்கிற ஸர்கா வந்து முகர்ந்து பார்ப்பாள். அவள் ஏமாந்துவிட்டால் போதும், மற்ற எட்டும் அவள் பின்னால் வரும். ஒன்றே ஒன்று, அந்த அங்கியைத் துவைத்துவிடாதே. உன் சுத்தம் எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். என் வேர்வையும் வாடையும் அதில்தான் இருக்கிறது. இரண்டு மாதம் ஆனாலும் சரி, துவைக்காதே.

காஸிக்கு ராணுவத்தில் விடுப்பு இல்லை என்று எழுதிவிட்டான். அவனை எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கிருந்து யோசிக்கிற,
மிஜ்பில்


பஸ்ரா,
ஜூலை 24

காஸியின் தாய்க்கு,

இறைவன் உனக்குப் பொறுமையைத் தரட்டும், எனக்கு அதில் இரண்டு மடங்கு தரட்டும். ஆசிரியர் நூரியின் அழகான கையெழுத்தில் உன் கோபம் வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை கிளம்பச் சொன்னேன். வெள்ளி போய் அடுத்த வெள்ளியும் வரப் போகிறது, இன்னும் தீவிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். கேட்டால், நீ தனியாகத் தோணியை எடுத்துக்கொண்டு அபூ ஸமக் வரைக்கும் போய்ப் பார்த்தாயாம். யாரைக் கேட்டுப் போனாய்? கெண்டியில் அந்தத் தண்ணீரை மொண்டு அங்கேயே தேநீர் போட்டாயாம். நிறம் இறங்கவில்லையாம், இரண்டு கை சர்க்கரை போட்டும் நாக்கில் கரித்ததாம். நாணல் தண்டில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைக் கோடு படிந்திருக்கிறதாம். அதனால் வடக்கே உம்மு ஷஹ்லா ஏரிக்குப் போகலாம், பழைய வெட்டுக்கால்வாய் வழியாகப் படகுகளை இழுத்துக்கொண்டு போனால் இரண்டு நாள் ஆகும் என்கிறாய்.

இதை நான் வார்டில் சத்தமாகப் படித்தேன். ஸப்ரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏரிக்கே தேநீர் போட்டுப் பாத்தாளா? நல்லவேளை, ரொட்டி சுட்டுப் பாக்கல" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. உன் சர்க்கரை பழசாக இருக்கும், கெண்டியில் ஏதாவது ஒட்டியிருக்கும். தண்ணீரைத் தேநீரில் பார்ப்பார்களா? ஓடக்கோலில் பார்ப்பார்கள். ஆழமான தண்ணீர் கெடாது. என் தகப்பனார் அப்படித்தான் பார்த்தார், அவர் தகப்பனாரும் அப்படித்தான் பார்த்தார். சுவைலிஹை அனுப்பிக் கோலை விடச் சொல். இரண்டு ஆள் ஆழம் இருந்தால் பேச்சே இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வடக்கு என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. உம்மு ஷஹ்லாவிலிருந்து அரை நாள் போனால் உன் அண்ணன்மார் வீடு. கஷ்டம் வந்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டு ஞாபகம் வருவது இயற்கைதான். அதற்காக ஆறு வீட்டு எருமைகளையும் வறண்ட கால்வாயில் இழுத்துப்போக முடியுமா? நடு வழியில் சேற்றில் புதைந்தால் யார் தூக்குவது?

சுவைலிஹுக்கு: தம்பி, உன்னை நம்பித்தான் ஒப்படைத்திருக்கிறேன். பெண்கள் பேச்சைக் கேட்டுத் தயங்காதே. கடிதம் கிடைத்த மறுநாளே கிளம்பு. அபூ ஸமக் போய்ச் சேர்ந்ததும் கரையில் நாணல் வெட்டிப் போட்டு மேடை கட்டிக்கொள்ளுங்கள். என் அடுத்த கடிதம் வரும்வரை அங்கேயே இருங்கள், யாரும் ஆளுக்கொரு பக்கம் போகாதீர்கள். மகான் அப்பாஸின் மீது ஆணையாகச் சொல்கிறேன், பிரிந்தால் கெட்டோம்.

காஸியின் தாயே, ஸர்கா உன்னை முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறாய். அங்கியைத் துவைத்தாயா? உண்மையைச் சொல். துவைக்கவில்லை என்றால் மறுபடியும் போ, மறுபடியும் போ. நான் கூப்பிடுகிற மாதிரியே மூக்கால் இழுத்துக் கூப்பிடு.

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இருமல் கொஞ்சம் கூடியிருக்கிறது, இந்த ஊர்க் காற்று அப்படி.

மிஜ்பில்


பஸ்ரா,
ஆகஸ்ட் 14

காஸியின் தாய்க்கு,

இறைவன் நம்மை மன்னிக்கட்டும். முதலில் என்னை மன்னிக்கட்டும்.

சுவைலிஹ் நேற்று வந்தான். அவன் வருவதற்கு முன்னாலேயே நம் ஊர்ச் சேற்று வாடை வாசலில் வந்துவிட்டது, எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நாற்காலியைக் காட்டினேன், உட்கார மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தான். "என்னடா, யாருக்கு என்ன?" என்று நான் அதட்டின பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

பதினோரு கன்றும் நாலு பெரிய உருப்படியும் போய்விட்டன என்றான். நம் ஸம்ராவும் அதில் ஒன்று. ஸர்காவுக்கு இரண்டு கண்ணிலும் பால் விழுந்த மாதிரி வெள்ளை படர்ந்துவிட்டது என்றான். ஏரியில் ஆழம் மட்டும் நான் சொன்னபடியே இருந்ததாம். கோலை விட்டால் அடி தட்டவில்லையாம். ஆழம் முழுக்க உப்பு.

"அப்ப ஏன்டா அங்கேயே கெடந்தீங்க? முதல் கன்னு விழுந்தப்பவே கெளம்ப வேண்டியதுதானே?" என்று கத்தினேன். அவன் நிமிர்ந்து பார்த்துச் சொன்ன பதில் இது: "நீதானே எழுதினே, அடுத்த கடுதாசி வர்ற வரைக்கும் அங்கேயே இருங்கன்னு. இருந்தோம். ஹமூத் படகு எஞ்சின் கெட்டுப்போச்சு. எட்டு நாளு கடுதாசி வரல. எட்டு நாளும் இருந்தோம்."

உன்னைப் பற்றியும் சொன்னான். "உன் வீட்டுக்காரி தெனமும் விடிஞ்சதும் வந்து நிப்பா. 'கெளம்பலாம், இன்னிக்குக் கெளம்பினாக்கூட மிச்சத்தக் காப்பாத்தலாம்'னு கெஞ்சுவா. 'மிஜ்பில் எழுதட்டும்'னு நாங்க சொல்லுவோம். அவளும் திரும்பிப் போயிடுவா."

ஆசிரியரே, இனி வருவதை விழுங்காமல் படியுங்கள். ஆறு வீட்டாரும் இருக்கும்போது படியுங்கள்.

தப்பு என்னுடையது. சுவைலிஹின் தப்பு இல்லை, ஹமூதின் எஞ்சினுடைய தப்பும் இல்லை. காஸியின் தாய் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். நான் நூறு மைல் தள்ளிக் கட்டிலில் படுத்துக்கொண்டு இல்லை என்றேன். போதாததற்கு அவள் பிறந்த வீட்டை இழுத்து நாலு பேர் முன்னால் குத்திக் காட்டினேன். செத்த பதினைந்து உயிருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். உம்மு ஜப்ர் புருஷன் இல்லாமல் இரண்டு எருமையை வைத்துப் பிழைத்தவள், அதில் ஒன்று போய்விட்டது என்று கேட்டதிலிருந்து கஞ்சிக் கிண்ணத்தை ஸப்ரி பக்கம் தள்ளிவிடுகிறேன்.

நேற்று இன்னும் ஒரு கூத்து நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சுவைலிஹ் அழுது முடித்ததும் மடியிலிருந்து தாளும் பென்சிலும் எடுத்து என் முன்னால் வைத்தான். "இப்ப எங்க போறதுன்னு எழுதிக் குடு. நாளைக்கே கெளம்பிடுறோம்" என்றான். என் கையும் பென்சிலை எடுத்துவிட்டது! இரட்டைத் தீவிலிருந்து கிழக்கே என்று ஒரு வரி எழுதியும் விட்டேன். ஸப்ரி எட்டி அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டார். ஒற்றைக் காலில் நிற்கிற மனுஷர், எப்படி எட்டினார் என்றே தெரியவில்லை.

"யோவ், இருபது வருஷம் நான் ரயில்ல கார்டு. கடைசிப் பெட்டியில நின்னு கொடி காட்டுறவன். தண்டவாளத்தப் பாக்குறது முன்னாடி எஞ்சின்ல இருக்குறவன். நீ கடைசிப் பெட்டியில கூட இல்ல, ஸ்டேஷன்லயே படுத்திருக்கே. அங்கிருந்து வண்டிய ஓட்டுறியே, வெக்கமா இல்ல?" என்று கேட்டார். சுவைலிஹுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க அண்ணனுக்குத் தெரியாத தண்ணி உமக்குத் தெரியுமா?" என்று எகிறினான். ஸப்ரி அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "தேநீர் போட்டுப் பாத்தாளாம்னு சிரிச்சோமே, நாம ரெண்டு கழுதைகளும்" என்றார்.

எனவே இந்தக் கடிதத்தில் வழி இல்லை. நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், எங்கே போங்கள் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. உனக்கு எங்கே போகத் தோன்றுகிறது? வடக்கேதானா? உன் நாக்கு என்ன சொல்கிறது, அங்கே இருக்கிற தண்ணீரில் மாவு பிசைந்தால் எப்படி வருகிறது? எனக்குத் தெரிய வேண்டும் என்று கேட்கவில்லை. நீ உனக்குள்ளேயே கேட்டுக்கொள்வதற்காகக் கேட்கிறேன்.

எருமைகளை எத்தனையோ இடத்துக்கு ஓட்டியவன் என்ற முறையில் கைவேலை ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன், வேண்டுமானால் வைத்துக்கொள். சேற்றில் இறங்குவதற்கு முன் கோலை முழங்கை ஆழம் குத்தி இழுத்துப் பார். உறிஞ்சிக்கொண்டு விட மாட்டேன் என்றால் அங்கே எருமையை இறக்காதே, வெட்டிய நாணலைக் கட்டுக்கட்டாகப் போட்டு மிதிக்க வை. களைத்த எருமையை வெயிலில் நிறுத்தாதே, நின்றால் படுத்துவிடும், படுத்தால் எழுந்திருக்காது. எந்தத் திருப்பத்தில் என்ன செய்வது என்று அங்கே நிற்கிறவளுக்குத்தான் தெரியும்.

மற்ற ஐந்து வீட்டுக்காரர்களுக்கு: என் கடிதத்துக்காக இனி ஒரு நாளும் நிற்காதீர்கள். அவரவர் எருமையை அவரவர் கண்ணால் பாருங்கள்.

சுவைலிஹிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். நேற்று இரவு வார்டை விட்டுப் போகும்போது என் கையை முத்தமிட்டுவிட்டுப் போனான், எனக்கு உயிரே போய்விட்டது.

வெட்கத்தோடு,
மிஜ்பில்


பஸ்ரா,
ஆகஸ்ட் 23, சனிக்கிழமை

இறைவன் உன் காலடியில் தரையைக் கெட்டியாக்கி வைக்கட்டும். இந்தக் கடிதத்தை யார் பெயருக்கு எழுதுவது என்று விடிந்ததிலிருந்து யோசித்து, ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஹமூத் இன்று காலை வந்தான். உன் கடிதத்தை மீன் கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தான், பாதி நனைந்திருந்தது. படிக்க வேண்டியது கொஞ்சம்தான். ஆசிரியர் நீ சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறார்: "எங்க போறதுன்னு கேக்கல. வடக்கதான் போறேன். பழைய வெட்டுக்கால்வாய்ல நடுவுல தரை கெட்டியா, சேறா? அத மட்டும் சொல்லு. பதில் வந்தா நல்லது. வரலைன்னா கோலால குத்திப் பாத்துக்கிட்டுப் போறேன். வியாழக்கிழமை கெளம்புறோம்."

வியாழக்கிழமை என்றால் முந்தாநாள், ஹமூத் இந்தக் கடிதத்தை வாங்கியதே அன்றைக்குத்தானாம். இதை நான் படிக்கும்போது நீ கால்வாய்க்குள் இறங்கியிருப்பாய்.

உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். தெரியாது. அந்தக் கால்வாயில் நான் ஒரு நாளும் எருமை ஓட்டியதில்லை. நடுவில் சேறு என்று உன்னைப் பயமுறுத்தியது சும்மா அடித்துவிட்டது. ஒரு தடவை படகில் தாண்டியிருக்கிறேன், அவ்வளவுதான். என் தகப்பனாரும் போனதில்லை. நம் ஆட்களில் அந்த வழியாக மந்தையை ஓட்டிப் போகிற முதல் ஆள் நீதான்.

மற்றதை ஹமூத் வாயால் கேட்டேன். நம் வீட்டோடு சேர்த்து மூன்று வீடு கிளம்பிவிட்டது, உம்மு ஜப்ர் முதல் ஆளாக மிச்சமிருந்த ஒற்றை எருமையோடு வந்து நின்றாளாம். மூன்று வீடு இன்னும் அபூ ஸமக் கரையிலேயே இருக்கிறது. சுவைலிஹும் அதில் ஒருத்தன். என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவன் சொன்னானாம்: "பொம்பளை பின்னால எருமை போகும், ஆம்பளை போவானா? வழி எழுதலைன்னாலும் பரவாயில்ல, போன்னு மிஜ்பில் ஒரு வரி எழுதட்டும், போறேன்." இன்னும் காத்திருக்கிறான்! இதற்குள் எத்தனை உருப்படி விழுந்ததோ.

ஹமூத் இன்னொன்றும் சொன்னான். அதை நான் மூன்று தடவை திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். நீ கிளம்பும்போது அவன் படகு பக்கத்தில்தான் நின்றதாம். என் அங்கி உப்பில் ஊறிக் காய்ந்து பலகை மாதிரி ஆகிவிட்டதாம். நீ அதைச் சுருட்டித் தோணியில் போட்டுவிட்டு, உன் கருப்புத் துணியிலேயே நின்றாயாம். "உன் பொண்டாட்டி 'ஹோவ் ஸர்கா'ன்னு ஒரு குரல் குடுத்தா. மூக்கால எல்லாம் இழுக்கல, அவ குரல்லயே குடுத்தா. குருட்டு எருமை தலையத் திருப்பிச்சு பாரு, நேரா தண்ணில இறங்கி அவ தோணிக்குப் பின்னால போகுது. மத்ததெல்லாம் அது பின்னால. திருப்பத்துக்குத் திருப்பம் நாணல் தலைய முடிச்சுப் போட்டுட்டே போறா, பின்னால வர்றவங்களுக்கு அடையாளமா" என்றான். ஸப்ரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "யோவ் மிஜ்பில், எஞ்சின் கெளம்பிடுச்சு" என்று கத்தினார். நர்ஸ் வந்து இருவரையும் திட்டிவிட்டுப் போனாள்.

சுவைலிஹ், இது உனக்கு. நீ கேட்ட ஒரு வரியைத் தருகிறேன். போ. அவள் போட்ட முடிச்சைப் பார்த்துக்கொண்டே போ. எனக்குக் கீழ்ப்படிகிறேன் என்று போகாதே, உன் கன்றுகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று போ. முடிச்சு தெரியாத இடத்தில் படகை நிறுத்தி என்னைக் கேட்காதே. தண்ணீரை நாக்கில் வை, கோலைக் குத்து, நீயே முடிவு செய். அவளிடம் ஆறு நாள் பின்னால் போய்ச் சேர்ந்தால், "அத்தனை நாளு கெஞ்சினியே, நாங்க கேக்கல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. நானும் அதைத்தான் சொல்ல வேண்டும். என் சார்பிலும் சேர்த்துச் சொல்.

இனி என் உடம்பு. முதல் கடிதத்தில் எலுமிச்சம்பழம் என்று எழுதினேன். அன்றைக்கே அது நாரத்தங்காய். படத்தைக் காட்டித்தான் சொன்னார்கள். நீ பயப்படக் கூடாது என்று மறைத்தேன். உனக்குப் பயம் வராது, எனக்குத்தான் பயம் என்று இப்போது தெரிகிறது. திங்கட்கிழமை காலை நெஞ்சைத் திறந்து எடுக்கப் போகிறார்கள். எடுக்கும்போது அது உள்ளே உடைந்துவிடக் கூடாதாம். டாக்டர் நல்ல மனிதர், பத்துப் பேரில் இத்தனை பேர் என்று ஒரு கணக்குச் சொன்னார். அதை நான் எழுதப் போவதில்லை. ஸப்ரி தன் தஸ்பீஹ் ஜெபமாலையை என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார், வெளியே மட்டும் "நீ செத்தா உன் கஞ்சி எனக்கு" என்கிறார்.

அடுத்த வாரம் ஹமூதிடம் கடிதம் இல்லையென்றால் எருமைகளை நிறுத்தாதே. அதற்கு அடுத்த வாரமும் இல்லையென்றாலும் நிறுத்தாதே. யாராவது உன்னைத் தேடி வந்து, உட்காரு, ஒரு செய்தி என்று சொன்னால், மந்தையை நல்ல தண்ணீரில் சேர்த்துவிட்டு வருகிறேன், அப்புறம் கேட்கிறேன் என்று சொல்லு. பெண்கள் இருவருக்கும் கோல் பிடிக்கக் கற்றுக்கொடு. காஸி விடுப்பில் வந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மீசையை முறுக்கினால், கூட நின்று பாரு என்று சொல், உன் கையிலிருந்து கோலைக் கொடுத்துவிடாதே.

ஆசிரியர் நூரிக்கு: இத்தனை நாள் என் முட்டாள்தனத்தையெல்லாம் மரியாதையாகப் படித்துச் சொன்னீர்கள். இன்னும் ஒரு உதவி செய்யுங்கள். உறையின் மேல் எழுதியிருப்பதை எழுத்துப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். தெரிந்துதான் எழுதியிருக்கிறேன். ஹமூத் அதைப் பார்த்து, "என்னப்பா இது, இத நான் நாலு பேர் பாக்கக் கொண்டு போறதா?" என்று திகைத்தான். கொண்டு போ என்றேன். நீங்களும் தயங்காமல், கரையில் நிற்கிற ஆண்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அந்தப் பெயரைப் படியுங்கள். எருமை யார் பின்னால் போகிறது என்று கேட்கிறவனுக்கெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

நஷ்மியா, பத்தொன்பது வருஷமாய் நான் வெளியே சொல்லாத பெயர் இது. எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று தெரியவில்லை.

உம்மு ஷஹ்லாவில் நாக்குக்கு இனிப்பான தண்ணீர் கிடைத்ததும், முதலில் எருமைகளை இறக்கு. அப்புறம் ஒரு கெண்டி தேநீர் போட்டுக் குடி. அதன் பிறகு என் அங்கியை எடுத்து அந்தத் தண்ணீரிலேயே நன்றாகத் துவைத்துக் காயப் போட்டுவிடு, நஷ்மியா.

மிஜ்பில்